முதலையை அளந்தார்கள், கூலிக்காரனை அளந்தது யார்?

(ஆலந்தலைக் கடற்கரையில், மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நாம் முதலையைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்க வேண்டாம். கூலி, போனஸ், வீட்டுமனை என்று நமக்கு ஆயிரம் பிரச்சனைகள் இருக்கையில், ஆலந்தலை மணலில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க தேசத்து முதலையைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் இந்தப் பேச்சு முடிவதற்குள் அந்த முதலை ஸ்ரீவைகுண்டத்து வாழைத் தோட்டத்துக்கும், கோவில்பட்டிக் கரிசல் பருத்திக் காட்டுக்கும், நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்துவிடும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்தில் அபாப்கா என்று ஓர் ஏரி இருக்கிறது. பரப்பு சுமார் 125 சதுர கிலோமீட்டர். அதன் அருகில் டவர் கெமிக்கல் கம்பெனி என்ற பெயரில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி நடந்து வந்தது. அங்கே தயாரான சரக்கின் பெயர் டைகோபால். இது நமக்கு அந்நியமான பெயரல்ல. பருத்தி, தேயிலை, காய்கறிப் பயிர்களில் சிவப்புச் சிலந்திப் பேனைக் கொல்ல நம் நாட்டிலும் வருஷக்கணக்காக அடித்த மருந்துதான் அது. டி.டி.டி.யிலிருந்துதான் அதைத் தயாரித்தார்கள். ஆகவே சரக்கில் டி.டி.டி. கலப்பும் இருந்தது.

1980-ம் வருஷம் அந்தக் கம்பெனியின் கழிவுநீர்க் குட்டை நிரம்பி வழிந்தது. டைகோபாலும் டி.டி.டி.யும் கந்தக அமிலமும் ஏரியில் போய்ச் சேர்ந்தன. போதாக்குறைக்கு, ஏரியின் வடகரை முழுவதும் பெரிய காய்கறிப் பண்ணைகள். பல பத்தாண்டுகளாக அங்கே அடித்த மருந்தும் போட்ட உரமும் அதே ஏரிக்குத்தான் வடிந்து வந்தன.

பிறகு என்ன நடந்தது? அந்த ஏரியில் அலிகேட்டர் என்ற முதலை வகை ஏராளமாக வாழ்ந்தது. சில வருஷங்களுக்குள் இளம் முதலைகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. செத்து மிதந்தவை என்று பார்த்தால் அதிகமில்லை. பெரிய முதலைகள் வழக்கம்போல் கரையில் வெயில் காய்ந்தன. ஆனால் முட்டைகள் பொரியவில்லை. பொரித்த குஞ்சுகளும் நிலைக்கவில்லை.

பிளாரிடா பல்கலைக் கழகத்து விஞ்ஞானி லூயி கில்லெட்டும் அவருடைய கூட்டாளிகளும் ஏரியில் இறங்கி முதலைக் குஞ்சுகளைப் பிடித்துச் சோதித்தார்கள். விஷம் குறைவான உட்ரப் என்ற இன்னொரு ஏரியின் குஞ்சுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். அபாப்கா ஏரியின் பெண் குஞ்சுகளுக்கு இரத்தத்தில் பெண் ஹார்மோன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது. அவற்றின் முட்டைப்பையே உருக்குலைந்திருந்தது. ஒரு கரு இருக்க வேண்டிய அறையில் பல கருக்கள் கிடந்தன. ஆண் குஞ்சுகளுக்கு ஆண் ஹார்மோன், மற்ற ஏரிக் குஞ்சுகளுக்கு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விரைகள் சரியாக அமையவில்லை. 1996-ல் வெளிவந்த அடுத்த கணக்கு, ஆண் குறியின் அளவு சராசரியாக 24 சதவீதம் குறைந்திருந்தது என்று சொல்லியது.

விஷம் என்றால் கொல்லும் என்றுதான் நமக்குத் தெரியும். இந்த விஷம் உயிரோடு விட்டது, சந்ததியை அறுத்தது. அது எப்படி?

ஹார்மோன் என்பது என்ன? மில் தோழர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும். விடியற்காலையில் மில் சங்கு ஊதுகிறது. சங்கு யாரையும் கையைப் பிடித்து இழுத்துவருவதில்லை. ஆனாலும் அதன் சத்தத்துக்கு ஆயிரம் பேர் எழுந்து வருகிறார்கள். யார் எந்த ஷிப்டு, எந்தப் பகுதி என்று எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நம் உடம்பிலும் அப்படித்தான். சுரப்பிகள் மிகச் சிறிய அளவில் ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அதுதான் சங்கு. இந்தக் கரு ஆணாக வளர வேண்டும், இந்தப் பருவத்தில் விந்து உண்டாக வேண்டும், இந்த நாளில் முட்டை முதிர வேண்டும் என்ற கட்டளையெல்லாம் அதன் மூலமாகத்தான் போகின்றன.

இப்போது ஒரு கள்ளச் சங்கு வேறெங்கிருந்தோ ஊதினால்? ஆட்கள் தவறான நேரத்தில் தவறான இடத்துக்கு வருவார்கள். சில ரசாயனங்கள் பெண் ஹார்மோனைப்போல நடித்து இந்தக் கள்ளச் சங்கை ஊதுகின்றன. வேறு சில இன்னொரு விதமாகக் கெடுக்கின்றன. டி.டி.டி. உடம்புக்குள் போய் டி.டி.இ. என்ற பொருளாக மாறுகிறது. அது ஆண் ஹார்மோன் நின்று வேலை செய்ய வேண்டிய இடத்தில் போய் நின்றுகொள்கிறது. 1995-ல் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி இதைக் காட்டியது. தறிக்கு முன்னால் ஒருவன் தானும் ஓட்டாமல், ஓட்டத் தெரிந்தவனையும் கிட்டே விடாமல் மறித்து நின்றால் தறி ஓடுமா? அதே கதைதான்.

இந்த விஷம் முட்டைக்குள் எப்படிப் போயிற்று? டி.டி.டி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீரில் கொஞ்சமாக இருப்பது பாசியிலும் சிறு பூச்சியிலும் சேரும். அதைத் தின்ற சின்ன மீனில் இன்னும் கூடும். சின்ன மீனைத் தின்ற பெரிய மீனில் மேலும் பெருகும். பெரிய மீனைத் தின்ற முதலையின் கொழுப்பில் மூட்டை மூட்டையாகக் குவியும். தாய் முட்டையிடும்போது அந்தக் கொழுப்புதான் மஞ்சள் கருவாகிறது. தாய் தன் குஞ்சுக்குக் கட்டிக்கொடுத்த சோற்றிலேயே விஷம்.

ஆமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மன்னார் வளைகுடாவில் பேராமை, அழுங்காமை, சித்தாமை என்று ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு. கடல் தொழில் செய்யும் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை, முட்டை புதைந்து கிடக்கும் மணலின் சூடுதான் நிர்ணயிக்கிறது. கடலாமை முட்டைக்கு சுமார் 29 டிகிரி ஓர் எல்லை. மணல் அதற்குக் கீழே குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சு அதிகம், மேலே சுட்டால் பெண் குஞ்சு அதிகம். 1994-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். நன்னீரில் வாழும் சிவப்புக் காது ஆமையின் முட்டைகளை ஆண் பிறக்க வேண்டிய சூட்டில் வைத்து, ஓட்டின் மேல் பி.சி.பி. என்ற ரசாயனத்தைத் தடவினார்கள். பெண் குஞ்சுகள் பிறந்தன. பி.சி.பி. என்பது எங்கோ கிடந்த அபூர்வப் பொருளல்ல. பழைய டிரான்ஸ்பார்மர்களிலும் கெபாசிட்டர்களிலும் ஊற்றிய எண்ணெய் வகைதான். அத்தகைய டிரான்ஸ்பார்மரின் நிழலில் நின்று வேலை செய்தவர்கள் யார்? மில்லுக்குச் சொந்தக்காரரா?

"முதலையும் ஆமையும் எப்படிப் போனால் நமக்கென்ன? மனிதன் வேறல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். மனிதன் வேறுதான். ஆனால் முதலையின் இரத்தத்தில் ஓடும் ஆண் ஹார்மோனும் நம் இரத்தத்தில் ஓடுவதும் ஒரே பொருள். பெண் ஹார்மோனும் அப்படியே. முதலைக்கு ஊதும் கள்ளச் சங்கு மனிதன் காதிலும் விழலாம். விழுந்ததா இல்லையா என்பதற்குச் சான்று வேண்டும். இரண்டு சான்றுகளைச் சொல்லுகிறோம்.

முதல் சான்று, கலிபோர்னியாவில் லாத்ராப் என்ற ஊரில் ஆக்ஸிடென்டல் கம்பெனியின் ரசாயன ஆலை. அங்கே டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்தார்கள். மண்ணில் வேரைத் தின்னும் நூற்புழுவைக் கொல்ல வாழைக்கும் பழத் தோட்டங்களுக்கும் போட்டுவந்த மருந்து. அந்த ஆலையின் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது. நமக்குள் பலருக்குக் கல்யாணமாகிக் குழந்தையே இல்லையே, இது என்ன? ஒருவனுக்கு என்றால் விதி என்று விட்டுவிடலாம். ஒரே பகுதியில் வேலை பார்க்கும் இத்தனை பேருக்குமா விதி? சங்கத்தின் முயற்சியால் 1977-ல் விந்துப் பரிசோதனை நடந்தது. பலருக்கு விந்தணுவே இல்லை, பலருக்கு மிகக் குறைவு.

கவனியுங்கள், தோழர்களே. இதைக் கண்டுபிடித்தது கம்பெனியின் டாக்டரல்ல, சர்க்கார் இன்ஸ்பெக்டரல்ல. கண்டுபிடித்தவர்கள் தொழிலாளர்கள். கம்பெனிகளுக்கு முன்பே தெரியாதா? இதே மருந்து எலிகளின் விரையைச் சுருங்கச் செய்கிறது என்று டௌ, ஷெல் கம்பெனிகளின் ஆராய்ச்சியாளர்கள் 1961-லேயே எழுதி வெளியிட்டிருந்தார்கள். எலிக்குத் தெரிந்தது தொழிலாளிக்குத் தெரியப் பதினாறு வருஷம் ஆயிற்று! அமெரிக்காவில் கட்டுப்பாடு வந்த பிறகும் அந்தச் சரக்கு கோஸ்டாரிகா, நிகராகுவா முதலிய நாடுகளின் வாழைத் தோட்டங்களுக்குப் போயிற்று. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் மலட்டுத்தன்மைக்கு நஷ்டஈடு கேட்டுப் பல வருஷம் வழக்காடினார்கள்.

இரண்டாவது சான்று நம் பக்கத்து வீடு. கேரளத்தில் காசர்கோடு. அங்கே கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களின் மேல் இருபது வருஷத்துக்கு மேலாக, 2000-ம் ஆண்டு வரை, ஆகாயத்திலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். தோட்டத்துக்கு அடியில் குடிசைகள், கிணறுகள், பள்ளிக்கூடங்கள். ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிலையத்தார் அங்கே போய் ஆராய்ந்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பட்ட ஊரில் 117 பையன்களையும், மருந்து படாத ஊரில் 90 பையன்களையும் சோதித்திருந்தார்கள். மருந்து பட்ட ஊர்ப் பையன்களுக்கு ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது. வயசுக்கு வருவது தாமதப்பட்டிருந்தது. அபாப்கா முதலைக் குஞ்சுக்கு நேர்ந்ததற்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை, பாருங்கள்!

காசர்கோட்டு ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. தாய்மார்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜனநாயக வாலிபர் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2011 மே 13-ந் தேதி எண்டோசல்பானைத் தயாரிக்கவும் விற்கவும் கோர்ட் தடை போட்டது. 2017 ஜனவரி 10-ந் தேதி பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிக் கட்டளையிட்டது. தடை யாரும் தானமாகக் கொடுத்ததல்ல.

இனி மறுபடியும் அபாப்கா ஏரிக்கு வருவோம். அந்தக் கதையில் ஒரு பாகத்தை நாம் வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தோம்.

ஏரியின் வடகரைப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் யார்? கறுப்பு இனத்து ஏழைகள், மெக்ஸிகோவிலிருந்தும் ஹெய்ட்டியிலிருந்தும் பிழைக்க வந்த கூலிகள். சோளக் கதிரும் கேரட்டும் கீரையும் பறித்தவர்கள். மருந்து அடித்த வயலில் ஈரம் காய்வதற்குள் இறங்கியவர்கள். 1990-களின் கடைசியில் ஏரியைச் சுத்தப்படுத்த வேண்டுமென்று சர்க்கார் அந்தப் பண்ணைகளை விலைக்கு வாங்கிற்று. நிலச் சொந்தக்காரர்களுக்குச் சுமார் 10 கோடி டாலர் கிடைத்தது. சுமார் 2,500 கூலிக்காரர்களுக்கு வேலை போயிற்று. நிலத்தில் தண்ணீர் விட்டார்கள். 1998-99 குளிர்காலத்தில் அங்கே வந்து மீன் தின்ற கூழைக்கடா, நாரை முதலிய நூற்றுக்கணக்கான பறவைகள் விழுந்து செத்தன. உடனே விஞ்ஞானிகள் வந்தார்கள். பறவைகளை அறுத்துப் பார்த்தார்கள். மூளையில் பழைய பூச்சிமருந்து இருக்கிறது என்று எழுதினார்கள்.

முதலையை அளந்தார்கள். பறவையை அளந்தார்கள். நல்லது, அளக்கட்டும். ஆனால் அதே மண்ணில் முப்பது வருஷம், நாற்பது வருஷம் குனிந்து நின்ற பெண்ணை யார் அளந்தார்கள்? கடைசியில் பண்ணைத் தொழிலாளர் சங்கம் தானே முன்னின்று தன் மக்களின் நோய்களைக் கணக்கெடுத்து 2006-ல் அறிக்கை எழுதியது. லூயி கில்லெட்டின் மேல் நமக்குக் குறையில்லை. அவர் தன் வேலையை நேர்மையாகச் செய்தார். ஆனால் முதலையின் குறியை அங்குலக் கணக்கில் அளக்கப் பணம் ஒதுக்கத் தெரிந்த ஒரு சமுதாயத்துக்கு, கூலிக்காரியின் கருப்பை நினைவுக்கு வரவில்லை. இதுதான் அந்த ஏரியின் முழுக் கதை.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள்.

பொதிகையில் பிறந்த தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வழியாக நெல்லையும் வாழையையும் வெற்றிலைக் கொடிக்காலையும் தழுவிப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. வயலில் அடித்த மருந்தின் மிச்சமும் தண்ணீரோடு வரத்தான் செய்யும். வயலில் மருந்தடிப்பது யார்? நிலத்துக்காரரா? முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு வேட்டி, மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. டேங்க் ஒழுகினால் முதுகு நனையும். காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும். மருந்தைக் கலக்குவது கையால். வாளியில் தண்ணீர் சேந்திக் கொடுப்பது பெண். சாயங்காலம் மருந்து வாடை அடிக்கும் அந்தத் துணியைத் துவைப்பதும் பெண். காலி டப்பாவைக் கழுவி வீட்டில் புழங்குவதும் உண்டு.

இவர்களில் ஒருவருக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் என்ன சொல்கிறது? "மலடி" என்கிறது. யாரை? பெண்ணை! அரசமரத்தைச் சுற்றுவது அவள். விரதம் இருப்பது அவள். நல்ல காரியத்துக்கு முன்னால் வராதே என்று ஏச்சுக் கேட்பது அவள். புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசும்போது மூலையில் உட்கார்ந்து அழுவது அவள். டேங்கைச் சுமந்த ஆணின் விந்தை ஒரு தடவை சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. குழந்தையில்லாமைக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் மருந்தின் தலையில் போட நாம் வரவில்லை. ஆனால் சோதிக்காமலே பெண்ணின் தலையில் போடுவது அநியாயம் என்று சொல்ல வந்திருக்கிறோம்.

இன்னொரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்து டப்பாவின் மேல் ஒரு வர்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றால் பயமில்லை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அந்த வர்ணம் எதைச் சொல்கிறது? ஒரேயடியாக உள்ளே போனால் எவ்வளவு மருந்து ஆளைக் கொல்லும் என்பதை மட்டும்தான். பத்து வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் விந்து குறையுமா, வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு வருமா என்பதை அந்த முக்கோணம் சொல்லாது. அபாப்கா முதலை செத்துவிடவில்லை என்பதை மறக்காதீர்கள்.

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகளல்ல. டி.டி.டி. மலேரியாவை ஒடுக்க உதவியது என்பது உண்மை. பூச்சி தின்றால் விவசாயி அழிவான் என்பதும் உண்மை. நாம் கேட்பது, லாபத்துக்காக விஞ்ஞானத்தின் பாதியை மறைக்காதே என்பதுதான். விவசாயத்தில் டி.டி.டி.யை நம் சர்க்கார் தடுத்தது 1989-ல். டைகோபாலைத் தடுத்தது 2023-ல். அபாப்கா முதலைகளைப் பற்றிய உண்மை உலகத்துக்குத் தெரிந்து 29 வருஷம் கழித்து! அந்த 29 வருஷமும் அந்த மருந்து யார் முதுகில் சுமந்து போயிற்று?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று. மருந்தடிக்கும் தொழிலாளிக்கு வருஷம் ஒரு தடவை வைத்தியப் பரிசோதனை, பாதுகாப்பு உடை என்றெல்லாம் 1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் 1971-ல் விதிகள் எழுதினார்கள். காகிதத்தில் இருப்பது வயலுக்கு வரவேண்டும். கையுறை, முகமூடி, உடை எல்லாம் வேலை கொடுப்பவர் செலவு.

இரண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்தடிக்கும் ஆண்களுக்கு விந்துப் பரிசோதனையும், ஆண் பெண் இருவருக்கும் ஹார்மோன் பரிசோதனையும் இலவசமாக நடத்த வேண்டும். குழந்தையில்லாத தம்பதி வந்தால் முதலில் கணவனைச் சோதிக்க வேண்டும்.

மூன்று. டப்பாவின் மேல் என்ன மருந்து, எத்தனை நாள் வயலில் இறங்கக் கூடாது, சந்ததிக்குக் கெடுதல் உண்டா என்பவற்றைப் படிக்கத் தெரியும் அளவு பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட வேண்டும்.

நான்கு. தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது, மீன்வளக் கல்லூரி இருக்கிறது. புன்னைக்காயல் முகத்துவாரத்திலிருந்து இந்தக் கரை வரைக்கும் தண்ணீரையும் மீனையும், கரையில் கிடைக்கும் பொரியாத ஆமை முட்டையையும் வருஷந்தோறும் சோதித்து, முடிவை ஊர் ஊராகத் தமிழில் ஒட்ட வேண்டும். ஆமையை அளக்கட்டும், அதே கையோடு ஆமைக்குப் பக்கத்தில் வாழும் மனிதனையும் அளக்கட்டும்.

இதையெல்லாம் சர்க்கார் நாளைக்கே செய்துவிடும் என்று நாம் நம்பவில்லை. அதற்கு முன்னால் நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. லாத்ராப் தொழிலாளர்களிடம் மைக்ராஸ்கோப் கிடையாது. அவர்கள் ஒருவரையொருவர் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான். நாமும் கேட்போம். ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். யார் மருந்தடிக்கிறார், என்ன மருந்து, எத்தனை வருஷமாக, எத்தனை பிள்ளைகள், எத்தனை கர்ப்பம் கலைந்தது என்று எழுதுங்கள். பெண்களிடம் பெண் தோழர்களே போய்க் கேட்கட்டும். பெயரை வெளியில் சொல்லாதீர்கள், கணக்கை மட்டும் எடுத்து வாருங்கள். மில் தோழர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குப் போய் எழுதிக் கொடுங்கள். நீங்கள் நூற்கும் பருத்தி அந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது.

நோட்டுகள் நிரம்பட்டும். பத்து ஊர் நோட்டைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகும் நாளில், அது எங்கோ இருக்கும் முதலையின் கதை என்று யாரும் நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது. கூட்டம் கலைவதற்கு முன் ஊருக்கு ஒருவர் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள், தோழர்களே.